ஸிப் டை போட்டுக் கட்டிய மூட்டு

தை பிறந்தால் எங்கள் தொழிலில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஹட்டனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மார்கழி முழுக்க பாஸ்போர்ட் படமும் போட்டோ பிரதியுமாக நாளை ஓட்டிவிட்டு, தையில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடுவோம். 2024 தையில் டிக்கோயாப் பக்கம் ஒரு கலியாணம். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை, செவ்வாய்க்கிழமை விமானம். வீடியோ திங்கள் இருட்டுவதற்குள் கைக்கு வந்தாக வேண்டும் என்று பெண் வீட்டார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிறு இரவு பதினொரு மணிக்குக் கொம்பியூட்டரில் ரெண்டர் போட்டேன், அதாவது வெட்டி ஒட்டிய வீடியோவை ஒரே படமாக்கும் வேலை. இருபது நிமிடத்தில் திரை கறுத்தது. கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் மட்டும் தலைதெறிக்கச் சுற்றியது. அணைத்து மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் வேலை செய்தது. திரும்ப ரெண்டர் போட்டால் திரும்பக் கறுப்பு. கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமில் கோளாறு என்று முடிவு கட்டி, அதை அழித்துப் புதிதாகப் போட்டேன். பிறகு வீடியோ மென்பொருளைச் சந்தேகப்பட்டேன். இப்படியே இரண்டு மணி நேரம் வீணாகப் போனது. பிளாஸ்டிக் கருகும் வாடை நடுவில் ஒரு தடவை அடித்தது உண்மைதான். கீழே கடைக்காரர் குப்பை கொளுத்தியிருப்பார் என்று ஜன்னலைச் சாத்தினேன். இரவு ஒரு மணிக்கு, அந்தப் பனியில், யார் குப்பை கொளுத்துவார்கள் என்று யோசிக்கவில்லை.

ஜன்னலைச் சாத்தியதும் வாடை கூடியபோதுதான் விஷயம் உறைத்தது. கரண்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேசிங்கின் கண்ணாடிக் கதவைக் கழற்றினேன். முன்பக்கம் எல்லாம் பளிச்சென்று இருந்தது. பின்பக்கத் தகட்டைக் கழற்றினால், பவர் சப்ளையிலிருந்து வரும் கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் எக்ஸ்டென்ஷன் கேபிளும் சேரும் இடத்தில் வெள்ளை பிளக் பழுப்பு நிறமாகி, ஒரு மூலை உருகி வழிந்திருந்தது. விரல் வைக்க முடியாத சூடு.

அந்த எக்ஸ்டென்ஷன் எப்படி என் கேசிங்குக்குள் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. என் பவர் சப்ளை 2017 இல் வாங்கியது. அப்போதைய கேசிங்கில் பவர் சப்ளை மேலே இருந்தது. பிறகு மாற்றிய கேசிங்கில் அது அடியில் போகிறது, ஆனால் பிராசஸருக்கான எட்டு முள் (பின்) சொக்கட் மதர்போர்டின் இடது மேல் மூலையில் இருக்கிறது. பழைய கேபிள் அவ்வளவு தூரம் எட்டவில்லை. 2022 இல் டொலர் ஏறி கொம்பியூட்டர் சாமான் விலையெல்லாம் கைக்கு எட்டாமல் போன பிறகு, கேபிள் எட்டவில்லை என்பதற்காக யாரும் புது பவர் சப்ளை வாங்கமாட்டார்கள். நகரத்தில் ஒரு கடையில் கேட்டேன். வயரை நடுவில் வெட்டி, ஒரு துண்டு வைத்துப் பற்றவைத்து, டேப் சுற்றித் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு மட்டும் தலையாட்டாமல் வந்ததை நினைத்து இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன்.

அக்கா மகன் ஒருவன் இருக்கிறான், கேம் பைத்தியம். கேசிங்கின் உள்பக்கம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே கொழும்பு யூனிட்டி பிளாசா வரைக்கும் போய், நூல் உறை போட்ட வெள்ளை எக்ஸ்டென்ஷன் கேபிள் செட் வாங்கி வந்தவன். மதர்போர்டுக்கு 24 முள் ஒன்று, பிராசஸருக்கு ஒன்று, கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு. பிறகு வேறு நிறத்துக்கு மாறியதும் பழையதை என்னிடம் தந்தான். "மாமா, உங்க மெஷினும் சும்மா ஜம்முன்னு இருக்கும்" என்றான். எனக்குத் தேவைப்பட்டது பிராசஸர் கேபிள் மட்டும். ஆனால் ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? எல்லாவற்றையும் மாட்டினேன். கடைசியில் எரிந்தது எனக்குத் தேவையே இல்லாத கேபிள்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கார்டு கேபிளின் கிளிப் பூட்ட முடியாமல் இருந்தது. அவன் பல தடவை கழற்றி மாட்டியதில் கொக்கி விழும் மேடு உடைந்துவிட்டது. மாட்டும்போது 'டக்' என்ற சத்தம் வரவில்லை. நான் அதற்கு ஒரு ஸிப் டை, அந்தப் பிளாஸ்டிக் கட்டுப்பட்டி, போட்டு இறுக்கினேன். இறுக்கிய பிறகு மிஞ்சிய கேபிளையெல்லாம் பின்பக்கம் சுருட்டித் திணித்து, தகட்டை முழங்காலால் அழுத்திப் பூட்டினேன். பூட்டும்போது அது உப்பி நின்றதையும் பார்த்தேன்.

அந்த இரவுக் கதையை முடித்துவிடுகிறேன். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, பிராசஸரிலேயே இருக்கும் கிராபிக்ஸில் ரெண்டரை ஓட்டினேன். மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓடி, திங்கள் பகல் முடிந்தது. வீடியோ போய்ச் சேர்ந்தது.

ஸ்டூடியோவுக்கு மேல் வீட்டில் ஒரு அண்ணன் குடியிருக்கிறார். ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபாக்டரியில், எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். திங்கள் மாலை அந்தக் கருகிய பிளக்கை அவரிடம் காட்டினேன். வயர் மட்டமானதாக இருக்கும், உள்ளே அலுமினியமாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவுச் சாமான்களில் வருவது தெரியும், அலுமினியம் செம்பை விடக் கரண்டை மோசமாகக் கடத்தும் என்பதும் தெரியும். அவர் ஒன்றும் சொல்லாமல் வயரை வெட்டி, ஒரு இழையை பிளேடால் சுரண்டினார். மேலே வெள்ளீயப் பூச்சு, உள்ளே சிவப்பு. நல்ல செம்பு.

"வயர் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஸ்டோர்ல வாட்டுற ஃபேன் மோட்டர் எரியிறதுக்கு முந்தி என்ன கறுக்கும் தெரியுமா? டெர்மினல். முப்பது வருசமா நான் வயரப் பாத்ததவிட நட்டு முறுக்கினதுதான் அதிகம்."

பிறகு பிளக்கைப் பிளந்து காட்டினார். கிராபிக்ஸ் கார்டின் எட்டு முள் பிளக்கில் 12 வோல்ட் வருவது மூன்று முள்ளில் மட்டும், மற்ற ஐந்தும் திரும்பிப் போகும் பாதைக்கும் அடையாளம் காட்டுவதற்கும் உள்ளவை. என் எக்ஸ்டென்ஷனில் அந்த மூன்றில் ஒன்று பிளக்குக்குள்ளேயே பின்னால் நகர்ந்து, எதிர்ப்பக்கத்தைத் தொடவே இல்லை. முள்ளைப் பிடித்து வைக்கும் சின்ன உலோக நாக்கு வளைந்துவிட்டது. மிச்சம் இரண்டு. அந்த இரண்டும், பிளக் முழுசாக உட்காராததாலும் பின்தகடு ஒரு பக்கமாக நெருக்கியதாலும், நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. உருகியது அவற்றைச் சுற்றித்தான்.

அன்று இரவு காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்த ஓமின் விதி இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு தடவை உதவியது.

என் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, மொத்தம் 170 வாட். மதர்போர்டு சொக்கட் வழியாக ஒரு பங்கு போக, கேபிளில் 130 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்டில் அது 11 ஆம்பியருக்குக் கிட்ட. மூன்று வயருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 3.6 ஆம்பியர். சாதாரண 18 கேஜ் (வயரின் தடிப்பு அளவு) செம்பு வயர் 30 சென்டிமீட்டருக்கு 0.006 ஓம் அளவில் தடை காட்டும். அதில் இழக்கும் வோல்டேஜ் 0.02 தான். திரும்பும் பாதையைச் சேர்த்தாலும் 0.05 ஐத் தாண்டாது. 12 வோல்ட் 11.4 வரை இறங்கலாம் என்று பவர் சப்ளைத் தரமே இடம் தருகிறது. ஆக, எக்ஸ்டென்ஷன் போட்டால் வோல்டேஜ் விழும், மெஷின் கெட்டுப்போகும் என்று பயமுறுத்துகிறவர்களின் பேச்சு, நல்ல செம்பு வயராக இருக்கும் வரை, பெரிய விஷயமில்லை. வயரில் உண்டாகும் சூடு ஒன்றுக்குப் பத்தில் ஒரு வாட் கூட இல்லை.

இப்போது மூட்டுக்கு, அதாவது இரண்டு கேபிளும் சேரும் பிளக்குக்கு, வாருங்கள். ஒரு முள் விலகிவிட்டது, 11 ஆம்பியரை இரண்டு முள் சுமக்கிறது, ஒன்றுக்கு 5.4. இரண்டும் சரியாகத் தொடாமல் ஒவ்வொன்றும் 0.1 ஓம் தடை காட்டினால், ஒவ்வொரு முள்ளிலும் ஏறத்தாழ 3 வாட் சூடு. மூன்று வாட் என்ன பெரிய சூடு என்று தோன்றும். ஈயம் பற்றவைக்கும் சின்ன சோல்டரிங் அயன் 25 வாட். அதில் எட்டில் ஒரு பங்கை ஒரு நெல்மணி அளவு முள்ளுக்குள் வைத்து, சுற்றிலும் பிளாஸ்டிக்கைப் போர்த்தி, காற்றுப் போகாத பின்தகட்டுக்குள் மணிக்கணக்கில் விட்டால்? சூட்டில் முள் தளரும், தளர்ந்தால் தடை கூடும், கூடினால் சூடு இன்னும் ஏறும். தானே தன்னைத் தின்னும் விவகாரம்.

எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது வேறு. பவர் சப்ளைக்குள் பாதுகாப்பு இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தானே, அது ஏன் அணைக்கவில்லை? வீட்டு ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை? பதில் எளிது. பவர் சப்ளை பார்ப்பது கரண்ட் அளவுக்கு மேல் போகிறதா, ஷார்ட் ஆகிறதா என்பதை. கெட்ட மூட்டு இரண்டையும் செய்வதில்லை. வழியில் நின்று கரண்டைக் கொஞ்சம் தடுக்கத்தான் செய்கிறது. பவர் சப்ளையின் கண்ணுக்கு அது வழக்கமான 130 வாட் லோட்தான். ட்ரிப் சுவிட்ச் தேடுவதோ 230 வோல்ட் பக்கத்தில் வழி தவறி எர்த்துக்கு ஒழுகும் கரண்டை. பெட்டிக்குள் 12 வோல்டில் நடப்பது அதற்குத் தெரியாது. நம் மூக்கைத் தவிர அங்கே காவல் வேறு எதுவும் இல்லை. அந்த மூக்கை நான் ஜன்னலைச் சாத்தி ஏமாற்றினேன்.

எக்ஸ்டென்ஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேபிள் எட்டாத இடத்துக்கு அது சரியான பதில். வயரை வெட்டி ஒட்டுவதை விடப் பல மடங்கு நல்லது. ஆனால் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் ஒரு புது மூட்டைக் கொண்டுவருகிறது, அழகுக்காக நான்கு போட்டால் நான்கு மூட்டு. இதுபோன்ற பிளக்குகள் சுமார் 30 தடவை கழற்றி மாட்டுவதற்கே கணக்கிடப்பட்டவை என்பதையும் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மருமகன் கையில் அந்த செட் எத்தனை தடவை ஏறி இறங்கியதோ.

இப்போது யாராவது மெஷின் கொண்டுவந்தால் முதலில் செய்வது இதுதான்: பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து, முள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்று உள்ளே பதுங்கியிருந்தால் கண்ணுக்கே தெரியும். பிறகு ஒவ்வொரு வயரையும் பின்னாலிருந்து மெதுவாக இழுத்துப் பார்ப்பேன், நகர்ந்தால் குப்பைக்கு. வெள்ளை உறை போட்ட கேபிளில் மஞ்சள், கறுப்பு என்று நிறம் தெரியாது, ஆகவே கூடுதல் கவனம் வேண்டும். வாங்கும்போது 18 கேஜ் அல்லது 16 கேஜ் என்று இருக்க வேண்டும். எண் குறைந்தால் வயர் தடிப்பு கூடும், 20, 22 என்றால் வைத்துவிட்டு வாருங்கள். மாட்டும்போது 'டக்' என்று பூட்ட வேண்டும். கிளிப் உடைந்த பிளக்குக்கு ஸிப் டை வைத்தியம் இல்லை.

மூட்டைப் பின்தகடு அழுத்தாத இடத்தில் வைக்க வேண்டும். பவர் சப்ளை மூடிக்கு அடியில் இடம் இருந்தால் அங்கே. பிறகு அரை மணி நேரம் கனமான ரெண்டர் ஓட்டி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. கொரோனா காலத்து நெற்றித் துப்பாக்கி இதற்கு உதவாது, அவற்றில் பல மனிதக் காய்ச்சலின் அளவுக்குள் மட்டும்தான் காட்டும். நானும் ஆசையாக நீட்டிப் பார்த்தவன்.

இன்னொரு வழி எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள். பல கார்டுகளில் எட்டு முள் பிளக்கில் வந்து சேரும் வோல்டேஜையே அது காட்டும். சும்மா இருக்கும்போது ஒரு தடவை, ரெண்டர் ஓடும்போது ஒரு தடவை பார்த்துக் குறித்துவைத்தால் போதும். 12.1 இலிருந்து 11.9 க்கு இறங்கினால் கவலை இல்லை. இரண்டு மாதம் கழித்து அதே வேலைக்கு 11.6 காட்டினால் எங்கோ ஒரு மூட்டு தளர்கிறது. அந்த ஞாயிறுக்கு முன் இதை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

மலைநாட்டுக்காரர்கள் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனியிலிருந்து ஆவணி வரை ஹட்டனில் துணி காயாது, கேமரா லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும், நாங்கள் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள் வைப்போம். கழற்றி லாச்சியில் போட்ட கேபிள்களின் முள்ளும் அப்படித்தான் மங்கிப்போகும். என் மிச்சக் கேபிள்கள் இப்போது லென்ஸ் பெட்டிக்குள் குடியிருக்கின்றன.

இதோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். என் கதையைக் கேட்ட பண்டாரவளைக் கூட்டாளி ஒருவன், அவனும் வீடியோக்காரன், எக்ஸ்டென்ஷனே வேண்டாம், முழு நீளக் கேபிளையே மாட்டிக்கொள்கிறேன் என்று கிளம்பினான். அவனுடையது கேபிளை முழுசாகக் கழற்றி மாட்டக்கூடிய பவர் சப்ளை. யாரோ விற்ற வேறொரு பவர் சப்ளையின் கேபிள்கள் அவனிடம் இருந்தன, கொஞ்சம் நீளம். மாட்டினான், அழகாகப் பொருந்தியது, சுவிட்சைப் போட்டான். இரண்டு ஹார்ட் டிஸ்க் போச்சு. மூன்று வருடக் கலியாணங்கள் அதில் இருந்தன.

மதர்போர்டு, கார்டு, டிஸ்க் ஆகியவற்றில் செருகும் பக்கம் எல்லாக் கம்பனிக்கும் ஒரே ஒழுங்கு. பவர் சப்ளைக்குள் செருகும் பக்கத்துக்கு அப்படி எந்த ஒழுங்கும் கிடையாது. ஒருவன் 12 வோல்ட் வைக்கும் துளையில் இன்னொருவன் 5 வோல்ட் வைப்பான், ஒரே கம்பனியின் இரண்டு மாடலிலேயே மாறும். ஆனால் பிளக்கின் உருவம் ஒன்றாக இருப்பதால் உள்ளே போய்விடும். எக்ஸ்டென்ஷனுக்கு இந்த ஆபத்து இல்லை, அதன் இரு முனையும் பொது ஒழுங்கில் உள்ளவை. கடையில் இரண்டையும் 'கேபிள் செட்' என்றே விற்கிறார்கள். எது எது என்று கேட்டு வாங்குங்கள்.

எட்டு முள் எல்லாம் ஒன்றல்ல என்பதும் அப்படித்தான். பிராசஸர் கேபிள் நாலும் நாலுமாகப் பிரியும், கார்டு கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். உள்ளே 12 வோல்ட் வரும் பக்கம் ஒன்றுக்கொன்று எதிர். துளையின் உருவம் பொருந்தாமல்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் பலம் உள்ளவன் அமுக்கினால் பிளாஸ்டிக் என்ன செய்யும். பழைய நாலு முள் பிளக்கிலிருந்து சாட்டா டிஸ்க்குக்கு மாற்றும் கன்வேர்ட்டரில், வயரைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை வார்த்து மூடிய ரகம் தீப்பிடிக்கும் பேர் பெற்றது. அதை வாங்கவே வேண்டாம்.

நான் என்ன செய்தேன் என்றால், பழைய பவர் சப்ளைக்கு விடை கொடுத்தேன். அதன் பிளக்கும் சேர்ந்து உருகிவிட்டது. அதே கேபிளில் இரண்டாவதாகத் தொங்கும் பிளக்கைப் பயன்படுத்தலாமே என்று கேட்டேன். "கருகின முள்ளத் தாண்டித்தான தம்பி அதுக்குக் கரண்ட் போவுது" என்றார் அண்ணன். கேபிள் நீளத்தைக் கேட்டு, பிராசஸர் கேபிள் 65 சென்டிமீட்டர் உள்ள 650 வாட் ஒன்று வாங்கினேன். எக்ஸ்டென்ஷன் ஒன்று கூட இல்லாமல் எல்லாம் எட்டுகிறது, நிறம் கறுப்பு. கார்டு தப்பியது.

மருமகன் இப்போது புது ரகக் கார்டுக்கு ஆசைப்படுகிறான், பதினாறு முள் பிளக் வைத்தது. அந்தப் பிளக்கில் 600 வாட் வரை போகலாம், அதாவது 50 ஆம்பியர், ஆறு முள்ளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு எட்டுக்கு மேல். 2022 இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த கையோடு உருகிய பிளக் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின, முழுசாகச் செருகாததே பல இடங்களில் காரணமாகக் கண்டார்கள், 2023 இல் பிளக்கையே திருத்தினார்கள். அந்தப் பிளக்குக்கு மட்டும் எக்ஸ்டென்ஷன் எந்த நிறத்திலும் வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனபோது பையன் பின்தகட்டைக் கழற்றிப் போட்டு, டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "மாமா, ஸிப் டை ஒன்னு இருக்கா?" என்றான். பையில் ஒரு கட்டே இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.